'கொ*லை' என்று எழுதுவது ஏன்? யூடியூபர்களை மிரட்டும் 'மஞ்சள் டாலர்'... முழு விவரம்!

யூடியூப்பில் ஒரு க்ரைம் ஸ்டோரி வீடியோவை ஓட விடுகிறீர்கள். கதை சொல்பவர் சரளமாகப் பேசிக்கொண்டே வருகிறார். முக்கியமான இடம் வந்ததும் 'பீப்' சத்தம். தலைப்பைப் பார்த்தால் 'கொ*லை' என்று நடுவில் ஒரு நட்சத்திரம். தற்கொலை என்று சொல்ல வேண்டிய இடத்தில் "தப்பான முடிவு எடுத்துட்டாங்க" என்று சுற்றி வளைக்கிறார். ரத்தம் தெரியும் போட்டோ வந்தால் திரையே மங்கலாகிவிடுகிறது.

அதே செய்தி மறுநாள் நாளிதழில் கொட்டை எழுத்தில் 'கொலை' என்றே வருகிறது. டிவி செய்தியிலும் நட்சத்திரம் எதுவும் இல்லை. அப்புறம் யூடியூப்பில் மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? அரசு தடை போட்டிருக்கிறதா? சென்சார் போர்டு ஏதாவது இருக்கிறதா?

இரண்டும் இல்லை. இதற்குப் பின்னால் இருப்பது சின்னதாக ஒரு மஞ்சள் நிற டாலர் குறி. 'விளம்பரதாரர்களுக்கு உகந்த உள்ளடக்கம்' என்ற பெயரில் யூடியூப் வைத்திருக்கும் விதிமுறைகளின் அடையாளம் அது. வீடியோ போடுபவர்களின் வருமானத்தை மட்டும் இல்லை, அவர்கள் பேசும் பேச்சையே இது மாற்றியிருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

முதல்ல, பணம் எங்கிருந்து வருது?

யூடியூப் பார்க்க யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. வீடியோவுக்கு முன்னாலும் நடுவிலும் வரும் விளம்பரங்கள்தான் படி அளக்கின்றன. வழக்கமான நீள வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மீதி 45 சதவீதம் யூடியூப்புக்கு. ஷார்ட்ஸ் கணக்கு வேறு. 2023 பிப்ரவரியிலிருந்து, ஷார்ட்ஸ் படைப்பாளிகளுக்கு என்று ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம் அவர்களுக்குக் கிடைக்கிறது.

ஆனால் சேனல் தொடங்கியதுமே பணம் வந்துவிடாது. விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரம் வீடியோக்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இது எவ்வளவு பெரிய வியாபாரம் தெரியுமா? யூடியூப்பின் விளம்பர வருமானத்தை அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் முதன்முதலில் தனியாக வெளியிட்டது 2020-ல்தான். அதன்படி 2019-ல் வந்த வருமானம் சுமார் 1,510 கோடி டாலர். 2024-ல் அது 3,600 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சப்ஸ்கிரைப் செய்வதும், லைக் போடுவதும் பார்வையாளர்கள். ஆனால் காசு கொடுப்பது சோப்பு கம்பெனியும், செல்போன் கம்பெனியும், கார் கம்பெனியும். எந்த வீடியோ பக்கத்தில் தங்கள் பெயர் வர வேண்டும், வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. மஞ்சள் டாலர் கதை இங்கேதான் தொடங்குகிறது.

வீடியோவுக்கு அனுமதி வேற, விளம்பரம் வேற!

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. யூடியூப்பில் இரண்டு வகை விதிகள் இருக்கின்றன.

முதல் வகை, சமூக வழிகாட்டு விதிகள். இதை மீறினால் வீடியோவே நீக்கப்படும், சேனலுக்கு 'ஸ்ட்ரைக்' விழும். 90 நாட்களுக்குள் 3 ஸ்ட்ரைக் வாங்கினால் சேனலே காலி.

இரண்டாவது வகைதான் விளம்பரதாரர் விதிகள். இதில் சிக்கினால் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது. அது அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதில் விளம்பரம் குறைந்துவிடும், அல்லது வரவே வராது.

ஊர்த் திருவிழாவில் பட்டிமன்றம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்னால் ஜவுளிக்கடை பேனர். பேச்சாளர் எல்லை மீறிப் பேசினால் விழாக் கமிட்டி அவரை மேடையை விட்டு இறக்கலாம். இது முதல் வகை. அவர் பேச்சில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஜவுளிக்கடைக்காரர் 'நமக்கெதுக்கு வம்பு' என்று பேனரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார். இது இரண்டாவது வகை. மஞ்சள் டாலர் என்பது இந்தப் பேனர் கழற்றுகிற வேலைதான்.

வீடியோ போடுபவர் தன்னுடைய யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்குப் பக்கத்திலும் ஒரு டாலர் குறி இருக்கும். பச்சை என்றால் எல்லா வகை விளம்பரமும் வரும். மஞ்சள் என்றால் 'குறைந்த விளம்பரம் அல்லது விளம்பரமே இல்லை'. விளம்பரம் போகாத யூடியூப் பிரீமியம் சந்தாதாரர்கள் பார்த்தால் வரும் சிறு பங்கு மட்டும் மஞ்சள் வீடியோவுக்கும் தொடரும்.

எதுக்கெல்லாம் மஞ்சள் விழும்?

யூடியூப் வெளியிட்டிருக்கும் பட்டியல் நீளமானது. முக்கியமானவை இவை:

* கெட்ட வார்த்தைகள்
* வன்முறை, ரத்தக் காட்சிகள்
* பாலியல் உள்ளடக்கம்
* அதிர்ச்சியூட்டும், அருவருப்பான காட்சிகள்
* ஆபத்தான சாகசங்கள், நம்பகமற்ற மருத்துவத் தகவல்கள்
* வெறுப்புப் பேச்சு, ஒருவரை இழிவுபடுத்துதல்
* போதைப்பொருள், துப்பாக்கி தொடர்பானவை
* சர்ச்சைக்குரிய விஷயங்கள்: தற்கொலை, கருக்கலைப்பு, குழந்தைகள் மீதான வன்கொடுமை, குடும்ப வன்முறை போன்றவை
* உணர்வுபூர்வமான நிகழ்வுகள்: போர், தீவிரவாதத் தாக்குதல், இயற்கைப் பேரிடர் போன்றவை

இதில் ஒரு முக்கியமான விலக்கு உண்டு. செய்தி, கல்வி, ஆவணப்படம், கலை என்ற சூழலில் இந்த விஷயங்களைப் பேசினால் அதையும் கணக்கில் எடுப்போம் என்று விதியிலேயே இருக்கிறது. அதாவது 'கொலை' என்ற சொல்லுக்குத் தடை இல்லை. அதை எப்படிக் காட்டுகிறீர்கள், எதற்காகப் பேசுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

அப்படின்னா நட்சத்திரம் எதுக்கு? பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

யார் முடிவு பண்றாங்க?

முதல் தீர்ப்பு மெஷினுடையது. நிமிடத்துக்குப் பல நூறு மணி நேர வீடியோக்கள் வந்து குவியும் இடத்தில் எல்லாவற்றையும் மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பது நடக்காத காரியம். அதனால் தலைப்பு, தம்ப்நெயில், பேச்சு, காட்சி எல்லாவற்றையும் மென்பொருள் அலசி பச்சையா மஞ்சளா என்று சொல்கிறது. வீடியோ போடுபவரும் 'இதில் கெட்ட வார்த்தை இருக்கிறதா, வன்முறை இருக்கிறதா' என்ற கேள்விகளுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு தப்பு என்று நினைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அப்போதுதான் ஒரு மனிதர் வீடியோவைப் பார்ப்பார். இதற்கு 7 நாட்கள் வரை ஆகலாம். அவர் சொல்வதுதான் இறுதி முடிவு.

சிக்கல் இந்த 7 நாளில்தான். சினிமா விமர்சனம், அரசியல் அலசல், அன்றைய செய்தி போன்ற வீடியோக்களுக்குக் கூட்டம் வருவதே முதல் இரண்டு, மூன்று நாட்களில். ஒரு வாரம் கழித்து மஞ்சள் பச்சையாக மாறினால், கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் போட்ட கதைதான். போன நாட்களின் வருமானம் போனதுதான்.

இதைச் சமாளிக்க 2021-ல் ஒரு வசதி வந்தது. வீடியோவை வெளியிடும் முன்பே அதற்குப் பச்சையா மஞ்சளா என்று சோதித்துப் பார்க்கலாம். ஆனால் சுடச்சுட செய்தி போட வேண்டியவருக்கு அந்தக் காத்திருப்பும் நஷ்டம்தான்.

மெஷின் எந்தச் சொல்லைப் பார்த்து முடிவெடுத்தது என்று வீடியோ போட்டவருக்குப் பெரும்பாலும் துல்லியமாகத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் ஊகம் வரும், ஊகம் பயமாக மாறும். 'போன வீடியோவில் இந்த வார்த்தை இருந்துச்சு, மஞ்சள் விழுந்துச்சு. எதுக்கு ரிஸ்க்?' என்று ஒருவர் தொடங்குவார். அவரைப் பார்த்து அடுத்தவர். 'கொலை'க்கு நடுவில் நட்சத்திரம் வந்த கதை இதுதான். அந்த நட்சத்திரத்தைப் போடச் சொல்லி யூடியூப் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இது எப்படி ஆரம்பிச்சுது?

மஞ்சள் டாலருக்குப் பின்னால் வரிசையாகச் சில சம்பவங்கள் இருக்கின்றன.

2016 செப்டம்பர்: தங்கள் வீடியோக்களில் விளம்பரம் நிறுத்தப்பட்டதாக யூடியூபர்கள் பலருக்குத் தகவல் வந்தது. அமெரிக்காவின் பிரபல செய்தி விமர்சகர் பிலிப் டிஃப்ராங்கோ இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். யூடியூப் சொன்ன பதில், 'விதி புதுசு இல்லை. நிறுத்தும்போது உங்களுக்குத் தெரியப்படுத்துவதுதான் புதுசு'. அதாவது அதுவரை பலருக்குத் தங்கள் வீடியோவில் விளம்பரம் நின்றதே தெரிந்திருக்கவில்லை.

2017 பிப்ரவரி, மார்ச்: பெரிய பூகம்பம் இங்கேதான். தீவிரவாத ஆதரவு வீடியோக்களுடன் பிரபல பிராண்டுகளின் விளம்பரங்கள் ஓடுவதாக லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் செய்தி வெளியிட்டது. பிரிட்டன் அரசும் 'தி கார்டியன்' நாளிதழும் யூடியூப் விளம்பரங்களை நிறுத்தின. அடுத்து அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, வெரைசான், ஜான்சன் அண்ட் ஜான்சன் போன்ற நிறுவனங்களும் பின்வாங்கின. இந்தச் சரிவுக்கு யூடியூபர்கள் வைத்த பெயர் 'ஆட்பொகலிப்ஸ்'. விளம்பர உலகின் பிரளயம் என்று சொல்லலாம்.

அதே நேரத்தில், அப்போது உலகிலேயே அதிக சப்ஸ்கிரைபர்கள் வைத்திருந்த தனிநபரான பியூடிபையின் சில வீடியோக்களில் யூத வெறுப்புக் காட்சிகள் இருப்பதாக 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. டிஸ்னி நிறுவனம் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டது.

2017 ஆகஸ்ட்: மஞ்சள் டாலர் குறி அறிமுகம்.

2017 நவம்பர்: குழந்தைகள் வரும் வீடியோக்களின் கீழ் ஆபாச கமெண்ட்டுகள் இருப்பது வெளியானது. மார்ஸ், அடிடாஸ், டாய்ச்சே வங்கி போன்றவை விளம்பரத்தை நிறுத்தின.

2018 ஜனவரி: ஜப்பானின் ஆகிகஹாரா காட்டில், தற்கொலை செய்துகொண்ட ஒருவரின் உடலைக் காட்டி அமெரிக்க யூடியூபர் லோகன் பால் வீடியோ போட்டது உலகம் முழுக்கக் கண்டனத்துக்கு உள்ளானது. அடுத்த சில வாரங்களில் '1,000 சப்ஸ்கிரைபர், 4,000 மணி நேரம்' விதி வந்தது. பாதிக்கப்படும் சேனல்களில் 99 சதவீதம் ஆண்டுக்கு 100 டாலருக்கும் குறைவாகச் சம்பாதிப்பவைதான் என்று யூடியூப் சமாதானம் சொன்னது. ஆனால் தப்பு செய்தது கோடிக்கணக்கில் பார்வையாளர்கள் வைத்திருந்த ஒரு நட்சத்திரம். கதவு சாத்தப்பட்டது, அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த சின்னச் சேனல்களுக்கு. அன்றைய கோபத்துக்குக் காரணம் அதுதான்.

2019 பிப்ரவரி: குழந்தைகள் வீடியோக்களின் கமெண்ட் பிரச்சனை மறுபடி வெடித்தது. டிஸ்னி, நெஸ்லே உள்ளிட்ட நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. குழந்தைகள் வரும் பெரும்பாலான வீடியோக்களில் கமெண்ட் பகுதியையே யூடியூப் மூடியது.

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசைதான். ஒரு செய்தி வரும், பிராண்டுகள் வெளியேறும், விதி இறுகும். இறுகிய விதி, தப்பே செய்யாதவர் மேலும் விழும்.

விளம்பரதாரர் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. பால் பவுடர் விற்கும் கம்பெனி தன் விளம்பரம் தலை துண்டிக்கும் வீடியோவோடு வருவதை எப்படி ஏற்கும்? தீவிரவாத வீடியோவில் விளம்பரம் ஓடினால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு அதைப் போட்டவருக்குப் போகிறது என்பதுதான் 2017-ல் பிரிட்டனில் எழுந்த கொந்தளிப்பின் அடிப்படை. தங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்பது அவர்கள் உரிமை.

டிவியில் இதற்கு ஒரு எளிய வழி இருந்தது. எந்த நிகழ்ச்சியில் விளம்பரம் வரும் என்று முன்கூட்டியே தெரியும். யூடியூப்பில் அப்படி இல்லை. விளம்பரதாரர் வாங்குவது நிகழ்ச்சியை இல்லை, பார்வையாளரை. '25 வயது, சென்னை, பைக் ஆர்வம்' என்று கேட்டால் அந்த ஆள் எந்த வீடியோ பார்த்தாலும் விளம்பரம் பின்னாலேயே போகும்.

அதனால் கூகுள் விளம்பரதாரர்களுக்கு மூன்று அளவுகோல் கொடுக்கிறது: விரிவான பட்டியல், வழக்கமான பட்டியல், குறுகிய பட்டியல். கொஞ்சம் காரமான வீடியோ ஆனாலும் பரவாயில்லை என்பவர் முதலாவதைத் தேர்ந்தெடுக்கலாம். ரொம்ப கவனமானவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கலாம். மஞ்சள் வீடியோவுக்கு வரும் பிராண்டுகள் குறைவு. போட்டி குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் வருமானம் குறையும்.

7 வினாடி கதை

விதி எவ்வளவு நுணுக்கமாகப் போகும் என்பதற்குக் கெட்ட வார்த்தை விவகாரம் நல்ல எடுத்துக்காட்டு.

2022 நவம்பரில் இந்த விதியை யூடியூப் திடீரென இறுக்கியது. வீடியோவின் தொடக்கத்திலேயே கெட்ட வார்த்தை வந்தால் வருமானம் போகும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பல வருஷத்துக்கு முன்னால் போட்ட வீடியோக்களுக்கும் மஞ்சள் விழுந்தது. போடும்போது விதிக்கு உட்பட்டிருந்த வீடியோ, விதி மாறியதும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. குறிப்பாக கேமிங் சேனல்கள் கொதித்தன.

நாலு மாதம் கழித்து, 2023 மார்ச்சில் 'நாங்கள் நினைத்ததைவிட விதி கடுமையாகிவிட்டது' என்று யூடியூப் இறங்கி வந்தது. மிதமான கெட்ட வார்த்தை எங்கே வந்தாலும் பச்சை. கடுமையான வார்த்தை முதல் 7 வினாடிகளில் வந்தால் மட்டும் மஞ்சள். அதற்குப் பிறகு வந்தால், வீடியோ முழுக்க அதுவாகவே இல்லாதவரை பச்சை.

அதென்ன 7 வினாடி? வீடியோவுக்கு முன்னால் ஓடிய விளம்பரத்துக்கும் கெட்ட வார்த்தைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்ற டிவி காலத்துக் கணக்குதான். 2025 ஜூலையில் அந்த 7 வினாடித் தடையும் போய்விட்டது. எந்த அளவுக்குக் கெட்ட வார்த்தை இருக்கலாம் என்று விளம்பரதாரரே தேர்வு செய்ய வசதி வந்துவிட்டது என்பது யூடியூப் சொன்ன காரணம். தலைப்பிலும் தம்ப்நெயிலிலும் கட்டுப்பாடு தொடர்கிறது.

மூன்று வருஷத்துக்குள் இறுக்கி, தளர்த்தி, மறுபடி தளர்த்தியிருக்கிறார்கள். இதற்கிடையில் 'பீப்' போட்டுப் பழகியவர்கள் பழக்கத்தை விட்டார்களா? பெரும்பாலும் இல்லை. விதி மாறின செய்தி சேரும் வேகத்தைவிட, பயம் சேரும் வேகம் அதிகம்.

கொரோனா வந்தப்போ என்ன ஆச்சு?

2020 தொடக்கத்தில் கொரோனாவை 'உணர்வுபூர்வமான நிகழ்வு' பட்டியலில் யூடியூப் வைத்தது. விளைவு, அதைப் பற்றிப் பேசும் வீடியோக்களில் விளம்பரம் நின்றது. உலகமே ஒரே விஷயத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த விஷயத்தின் பெயரைச் சொல்லப் பலர் தயங்கினார்கள்.

2020 மார்ச் 11. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த அதே நாளில், அன்றைய யூடியூப் தலைமைச் செயல் அதிகாரி சூசன் வோஜ்சிக்கி விதியைத் தளர்த்துவதாக அறிவித்தார். முதலில் செய்தி நிறுவனங்களுக்கும் குறிப்பிட்ட சில சேனல்களுக்கும், பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

சில நாட்களில் முடிந்துபோகும் துயரத்தை வைத்து யாரும் காசு பார்க்கக்கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி அது. மாதக்கணக்கில் நீண்ட ஒரு நோய்க்கு அது பொருந்தவில்லை. புரளி பரப்புபவரையும், கை கழுவச் சொல்லிக்கொடுக்கும் டாக்டரையும் ஒரே தராசில் நிறுத்தியது.

மொழியே மாறுது!

இந்தப் பயம் ஆங்கிலத்தில் ஒரு புது அகராதியையே உருவாக்கிவிட்டது. இறந்தார், கொல்லப்பட்டார் என்பதற்குப் பதில் 'அன்அலைவ்' என்கிறார்கள். 'உயிரோடு இல்லாமல் ஆக்கு' என்பதுபோல ஒரு வார்த்தை. யூடியூப், டிக்டாக் என எல்லா இடத்திலும் மெஷின் கண்ணில் படாமல் இருக்க உருவான இந்தச் சொற்கள், இப்போது இளைஞர்களின் அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்டன.

தமிழிலும் நிலைமை அதேதான். நட்சத்திரம், நடுவில் புள்ளி, பாதி தமிழ் பாதி ஆங்கில எழுத்து என்று விதவிதமாக எழுதுகிறார்கள்.

தமிழுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. சொல் ஒன்று, பொருள் வேறு. ஒருவர் அருமையாகப் பாடினால் "கொன்னுட்டாப்ல" என்று பாராட்டுகிறோம். படம் நன்றாக இருந்தால் "தெறி". ஹீரோ அறிமுகக் காட்சி "தரமான சம்பவம்". கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை "வெளுத்து வாங்கிட்டான்". இதையெல்லாம் சொல்லுக்குச் சொல் எடுத்துப் பார்த்தால் எல்லாமே வன்முறை. திருநெல்வேலியில் செல்லமாகச் சொல்லும் ஒரு வார்த்தை கோயம்புத்தூரில் சண்டையில் முடியலாம். இந்த நுணுக்கம் பிடிபட மனிதக் காது வேண்டும்.

வரலாறு பேசும் சேனல்களுக்கும் இதே தலைவலி. 2009-ல் முடிந்த இலங்கைப் போரைப் பற்றி ஒருவர் ஆதாரங்களோடு வீடியோ செய்கிறார் என்று வையுங்கள். அழிவின் படங்களைக் காட்டினால் 'வன்முறை'யில் வரலாம். காட்டாவிட்டால் என்ன நடந்தது என்பது பார்ப்பவருக்குப் போய்ச் சேராது. எதை விடுவது என்று அவர் முடிவெடுக்கும்போது, வரலாற்றோடு சேர்த்து வருமானமும் கண் முன்னால் நிற்கிறது.

உண்மையில் யாருக்கு நஷ்டம்?

சமையல் சேனலுக்கோ, மொபைல் ரிவ்யூ சேனலுக்கோ இந்த விதிகளால் பெரிய பாதிப்பு இல்லை. அடி விழுவது வேறு இடத்தில்.

* மனநலம், தற்கொலைத் தடுப்பு பற்றிப் பேசுபவர்கள்
* குடும்ப வன்முறையிலிருந்து மீண்ட அனுபவத்தைப் பகிர்பவர்கள்
* வளரிளம் பருவத்தினருக்குப் பாலியல் கல்வி சொல்லித்தரும் டாக்டர்கள்
* போர், கலவரம், சாதி வன்கொடுமை பற்றி ஆவணப்படுத்துபவர்கள்

இந்த விஷயங்களை எடுக்க உழைப்பும் அதிகம், செலவும் அதிகம். வருமானம் மட்டும் குறைவு. ஒரு வாரம் அலைந்து எடுத்த கள ஆய்வு வீடியோவுக்கு மஞ்சள், ஒரு மணி நேரத்தில் எடுத்த 'ஹோம் டூர்' வீடியோவுக்குப் பச்சை என்றால், அடுத்த வாரம் அந்தச் சேனல் எதை எடுக்கும்? யாரும் யாரையும் தடுக்கவில்லை, எந்த வீடியோவும் நீக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு வகைப் பேச்சு மெல்ல மெல்லக் குறைகிறது.

பெரிய சேனல்களுக்கு ஒரு வசதி உண்டு. யூடியூப் தரப்பில் நேரடியாகப் பேச ஆள் இருப்பார். சின்னச் சேனலுக்கு இருப்பது 'மறுபரிசீலனை' பட்டன் மட்டும்தான்.

மஞ்சள் விழுந்த வீடியோவைப் பரிந்துரைகளிலும் அமுக்கிவிடுகிறார்கள் என்ற சந்தேகம் யூடியூபர்கள் மத்தியில் ரொம்ப நாளாக இருக்கிறது. விளம்பர நிலைக்கும் பரிந்துரைக்கும் சம்பந்தம் இல்லை என்று யூடியூப் மறுத்துவருகிறது.

இந்த விமர்சனங்கள் முழுக்க வீணாகவும் போகவில்லை. தற்கொலை, சுய காயம், கருக்கலைப்பு, குடும்ப மற்றும் பாலியல் வன்முறை போன்றவற்றைக் கோரக் காட்சிகள் இல்லாமல் பேசினாலோ, நாடகமாகக் காட்டினாலோ முழு விளம்பர வருமானம் பெறலாம் என்று 2026 ஜனவரியில் யூடியூப் விதியைத் தளர்த்தியது. குழந்தைகள் மீதான வன்கொடுமை போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு நீடிக்கிறது. 'தப்பான முடிவு' என்று சுற்றி வளைப்பதற்கான காரணம் இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது.

யூடியூப்ல மட்டும்தானா?

இல்லை. 2020 ஜூலையில் வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்தவில்லை என்று 1,000-க்கும் மேற்பட்ட விளம்பரதாரர்கள் ஃபேஸ்புக்கைப் புறக்கணித்தார்கள். எக்ஸ் தளம் எலான் மஸ்க் கைக்கு மாறிய பிறகு பெரிய பிராண்டுகள் பல அங்கிருந்து விலகின. விளம்பரதாரர்கள் ஒன்றுசேர்ந்து தங்களைப் புறக்கணித்ததாக 2024 ஆகஸ்டில் எக்ஸ் வழக்குப் போட்டது. எந்த உள்ளடக்கம் விளம்பரத்துக்குப் பாதுகாப்பானது என்று வரையறை செய்துவந்த 'கார்ம்' என்ற விளம்பரதாரர் கூட்டமைப்பு, வழக்கு வந்த சில நாட்களிலேயே மூடப்பட்டது. அமெரிக்காவில் இது இப்போது அரசியல் சண்டையாகவே மாறிவிட்டது.

மாற்று வழி என்ன?

மஞ்சளுக்குப் பயந்து பலர் வேறு வழிகளைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

ரசிகர்களிடமே நேரடியாக: சேனல் மெம்பர்ஷிப், லைவ்வில் சூப்பர் சாட், 2013-ல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்கள். மாதம் சின்னத் தொகை கொடுக்க ஆயிரம் பேர் இருந்தால், விளம்பரத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. 2023-ல் இதற்கான வாசலை யூடியூப்பும் தாழ்த்தியது. 500 சப்ஸ்கிரைபர்கள் இருந்தாலே, மற்ற நிபந்தனைகளோடு, ரசிகர்களிடம் ஆதரவு பெறும் வசதி கிடைக்கும்.

ஸ்பான்சர்ஷிப்: "இந்த வீடியோவை உங்களுக்கு வழங்குவது..." என்று யூடியூபரே பேசி விற்பது. இங்கே யூடியூப்பின் மஞ்சள் டாலர் குறுக்கே வராது. ஆனால் ஸ்பான்சரே நேராக வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குப் பிடிக்காததைப் பேச முடியுமா என்பது அடுத்த கேள்வி.

இந்தியாவில் இதற்கும் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டன. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

நீங்களும் சேனல் வெச்சிருக்கீங்களா?

* வீடியோவை முதலில் பிரைவேட்டில் ஏற்றுங்கள். சோதனை முடிந்து பச்சை வந்ததும் வெளியிடுங்கள்.
* கேள்விப் பட்டியலுக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். தொடர்ந்து சரியாகச் சொல்லும் சேனலின் பதிலை யூடியூப் அதிகம் நம்பும்.
* தலைப்பு, தம்ப்நெயிலில்தான் அதிகக் கவனம் தேவை. உள்ளே பிரச்சனை இல்லாத வீடியோ, வாசலில் வைத்த ரத்தப் படத்தால் மாட்டலாம்.
* செய்தி, கல்வி நோக்கம் என்றால் அதைத் தலைப்பிலும் விளக்கக் குறிப்பிலும் வீடியோவின் தொடக்கத்திலும் தெளிவாகச் சொல்லுங்கள்.
* மஞ்சள் விழுந்தால் விட்டுவிடாமல் மறுபரிசீலனை கேளுங்கள். அப்போதுதான் ஒரு மனிதர் பார்ப்பார்.
* விதி மாறுகிறதா என்று யூடியூப்பின் உதவிப் பக்கத்தை அவ்வப்போது பாருங்கள். 'யாரோ சொன்னாங்க' என்று நட்சத்திரம் போட வேண்டாம்.

பார்க்கிறவங்களுக்கு இதுல என்ன?

இலவசமாகப் பார்க்கும் வீடியோவுக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர் வேறொருவர் என்பதால், எதைப் பேசலாம் என்பதிலும் அவர் பங்கு இருக்கிறது. தீவிரவாத வீடியோவுக்குப் பணம் போகாமல் தடுத்ததும் இதே விதிதான். வன்கொடுமையிலிருந்து மீண்ட ஒரு பெண் தன் கதையைச் சொல்லும்போது பாதி வார்த்தையை விழுங்க வைத்ததும் இதே விதிதான்.

அடுத்த முறை ஒரு நல்ல வீடியோவில் நடுவில் 'பீப்' கேட்டாலோ, நட்சத்திரம் தெரிந்தாலோ எரிச்சலோடு தள்ளிவிடாதீர்கள். சொல்ல வந்த விஷயத்துக்கும் வீட்டு வாடகைக்கும் நடுவில் அந்தச் சேனல்காரர் செய்துகொண்ட சமரசம் அது. விஷயம் உங்களுக்கு முக்கியம் என்று பட்டால், மெம்பர்ஷிப்பில் சேர்வதோ நான்கு பேருக்குப் பகிர்வதோ அவருக்கு உதவும். அடுத்த வீடியோவிலாவது அந்த வார்த்தையை அவர் முழுசாகச் சொல்லலாம்.